வீட்டுக்கு ஒருவர்: கட்டாயப் படைப்பணியும் பெண்களும்

குறிப்பிட்ட வயதை எட்டிய குடிமக்களை, அவர்களுடைய விருப்பத்தைக் கேளாமலே, சட்டத்தின் வலிமையால் படையில் சேர்த்து வரையறுத்த காலம் பணியாற்றச் செய்யும் முறை கட்டாயப் படைச்சேர்ப்பு எனப்படுகிறது. இம்முறையைக் கைக்கொண்ட நாடுகளுள் மிகப் பெரும்பாலானவை இக்கடமையை ஆண்களுக்கு மட்டுமே விதித்துவந்தன. நார்வே 2015 முதலும், சுவீடன் 2018 முதலும், டென்மார்க் 2025 ஜூலை முதலும் பெண்களையும் ஆண்களோடு ஒரே பட்டியலில் சேர்த்துவிட்ட பிறகு, பெண்ணுக்கு இதுவரை கிடைத்துவந்த விலக்கு அவளுக்குச் செய்யப்பட்ட சலுகையா அல்லது அவளது குடியுரிமையில் வைக்கப்பட்ட குறையா என்ற வினா உலகெங்கும் மீண்டும் கிளர்ந்துள்ளது. இவ்வினாவை ஐரோப்பியர் வகுத்த சொற்களில் மட்டுமே விவாதிக்க வேண்டிய தேவை தமிழர்க்கு இல்லை. பெண்களையும் உள்ளடக்கிய கட்டாய ஆட்சேர்ப்பு தமிழ் பேசும் நிலமொன்றில், தமிழ்க் குடும்பங்களின் வாசலில், அண்மைக் காலத்திலேயே நடந்திருக்கிறது. இலங்கையின் வன்னிப் பகுதியில், உள்நாட்டுப் போரின் இறுதி ஆண்டுகளில், ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற பெயரில் விடுதலைப் புலிகள் இயக்கம் அதை நடத்தியது.

ஆவடி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களைக் கொண்ட தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இந்த வினாவோடு இருவகை உறவு உண்டு. இந்தியப் படையின் பீரங்கி வண்டிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் ஆவடியில் நிறுவப்பட்டு, விஜயந்தா முதல் அர்ஜுன், பீஷ்மா வரையிலான வண்டிகளை உருவாக்கிவந்துள்ளது. அதே ஊரில் உள்ள படையுடைத் தொழிற்சாலையில் வீரர்களின் சீருடைகளைத் தைப்போரில் பெண்களும் உண்டு. இங்கிருந்து வெளியேறும் பீரங்கி வண்டியைப் போர்க்களத்தில் ஓட்டும் கவசப் படைப்பிரிவிலோ பெண்ணுக்கு இன்னும் இடமில்லை. மற்றொரு உறவு கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் வழியாக ஏற்பட்டது. போரைவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அம்முகாமும் அதைப் போன்ற பிற முகாம்களும், படைக்கு ஆள் தேடும் ஓர் அமைப்பின் முன்னால் ஒரு குடும்பம் எவ்வளவு நிராதரவாக நிற்கும் என்பதை அறிந்த மக்களின் இருப்பிடங்கள்.

இந்தியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமும் நான்காண்டுக் காலத்திற்கு விரும்பிச் சேர்வோரை எடுத்துக்கொண்டு, அவர்களில் நான்கில் ஒரு பங்கு வரையிலானோரை மட்டும் நிலைநிறுத்தும் முறையே. எனினும், கட்டாயப் பணிக்கான கதவை அரசமைப்புச் சட்டம் மூடிவிடவில்லை. அதன் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும், கூலி தராமல் வேலை வாங்கும் வெட்டி வேலை முறையையும், பிற வகைக் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கங்களுக்காகக் கட்டாயப் பணியை விதிக்கும் உரிமையை அரசுக்கு விட்டுவைத்து, அவ்வாறு விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு வேறுபாடு காட்டக் கூடாது என்று வரம்பிடுகிறது. இந்தப் பட்டியலில் பால் இல்லை. சமத்துவத்தைப் பேசும் 15ஆம் பிரிவிலும் அரசு வேலைவாய்ப்பைப் பேசும் 16ஆம் பிரிவிலும் பால் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கும்போது, கட்டாயப் பணியைப் பேசும் இடத்தில் அது விடுபட்டிருப்பதன் விளைவு தெளிவானது: ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றினால், 23ஆம் பிரிவின் சொற்கள் அதற்குக் குறுக்கே நிற்கமாட்டா. மறுபுறம், 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அழைக்கப்படும்போது நாட்டைக் காப்பதும் தேசப் பணியாற்றுவதும் ஒவ்வொரு குடிமகனுடைய, குடிமகளுடைய கடமை என்கிறது. கடமையைச் சொல்லும் பிரிவு பாலைப் பொருட்படுத்தவில்லை. கடமையை வலிந்து பெறும் அதிகாரத்தைச் சொல்லும் பிரிவோ பால் வேறுபாட்டிற்கு இடம் விட்டிருக்கிறது.

இந்த இடைவெளியை 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம் மேலும் அகலமாக்குகிறது. அதன் 12ஆம் பிரிவின்படி, மைய அரசு அறிவிக்கையின் வழியாகக் குறிப்பிடும் பிரிவுகளில் தவிர வேறெங்கும் பெண்கள் படையில் சேரத் தகுதியற்றவர்கள். தகுதியின்மை பொது விதியாகவும், சேர்க்கை அரசு விரும்பினால் தரும் விலக்காகவும் அமைந்த இச்சட்டத்தின்கீழ் பெண்களைக் கட்டாயமாக அழைப்பதைப் பற்றிப் பேசுவது, நுழைவதற்கே உரிமை தராத வீட்டிற்கு வரி கேட்பதற்கு ஒப்பாகும்.

கட்டாயம் என்பது இந்தியர் அறவே அறியாத ஒன்றும் அன்று. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் தேசிய மாணவர் படைப் பயிற்சி 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. ஆவடிப் பகுதித் தொழிலாளர்களின் நினைவில் இதைவிட அண்மையில் நிற்பது 2021ஆம் ஆண்டின் இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் சட்டம். படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றும் முடிவை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்திற்கு ஆயத்தமான வேளையில் வந்த அச்சட்டம், வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்ததோடு, கூடுதல் நேர வேலையை மறுப்பதையும் வேலைநிறுத்தம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. படைச்சேர்ப்போடு இதை ஒன்றாக எண்ணுவது பிழையாகும். ஆயினும் பாதுகாப்பின் பெயரால் உழைப்பை வலிந்து பெற முடியும் என்பதற்கும், அவ்வாறு பெறும்போது ஆண் பெண் வேறுபாடு நினைவுக்கு வருவதில்லை என்பதற்கும் இது அருகிலுள்ள சான்று. அச்சட்டத்திற்கு ஓராண்டு ஆயுளே தரப்பட்டு, மேலும் ஓராண்டு நீட்டிக்க மட்டுமே வழி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; கட்டாயத்தை விதிக்கும் எந்தச் சட்டத்திற்கும் இத்தகைய முடிவுத் தேதி அவசியம்.

பெண்களையும் சேர்க்க வேண்டும் என்போரின் வாதம் வலுவானது. அதைக் கேலிக்குரிய எதிர்வாதமாகச் சுருக்கி மறுப்பது நேர்மையாகாது. ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டம், ஆணின் உயிரைச் செலவழிக்கத் தக்கதாகவும் பெண்ணின் குடியுரிமையைப் பாதியளவினதாகவும் ஒரே வரியில் கருதிவிடுகிறது. அதனால் விளையும் தீமை போர்க்களத்தோடு முடிவதில்லை என்பதற்குத் தென் கொரியா சான்று. அங்கே ஆண்கள் மட்டும் கட்டாயப் படைப்பணி ஆற்றுகிறார்கள். அப்பணிக்கு ஈடாக, அரசுப் பணித் தேர்வுகளில் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்பட்டது. ஓரிரு மதிப்பெண்ணில் வெற்றி தோல்வி முடிவாகும் தேர்வுகளில் இது பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பின்னுக்குத் தள்ளியதால், அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1999இல் அம்முறையைச் செல்லாததாக்கியது. ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டத்தையோ அதே நீதிமன்றம் பலமுறை ஏற்றுக்கொண்டுள்ளது. சுமையை ஒரு பாலுக்கு மட்டும் தந்தால், அதற்கான கைம்மாறும் ஒரு பாலையே சேரும். சுமை சட்டப்படி நிலைத்து, கைம்மாறு மட்டும் பறிக்கப்பட்டால் ஆண்களின் மனக்கசப்பு பெண்கள்மேல் திரும்பும். முன்னாள் படைவீரர்களுக்கு அரசுப் பணிகளில் ஒதுக்கீடு தரும் இந்தியாவிலும் இந்தத் தருக்கம் பொருந்தாமற் போகாது.

உடல்வலிமை பற்றிய மறுப்பு இவ்வளவு கனமுடையது அன்று. சராசரி ஆணுக்கும் சராசரிப் பெண்ணுக்கும் மேலுடல் வலிமையில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. படையோ சராசரிகளை வேலைக்கு எடுப்பதில்லை, தேர்வில் தேறும் தனி ஆட்களையே எடுக்கிறது. தகவல் தொடர்பு, மருத்துவம், பொறியியல், வழங்கல் எனப் பலவாறு கிளைத்துள்ள இன்றைய படையில் ஒவ்வொரு வேலைக்கும் என்ன வலிமை வேண்டும் என்று வகுத்து, அந்த அளவுகோலை இருபாலார்க்கும் ஒன்றாக வைப்பதே முறை. அளவுகோலே நடுநிலையானதுதானா என்ற வினா இதையடுத்து எழுவதை இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் காட்டுகின்றன. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா பூனியா வழக்கில், பெண் அதிகாரிகளுக்கு நிலையான பணி தர மறுப்பதற்கு அரசு முன்வைத்த காரணங்களை, அதாவது குடும்பப் பொறுப்பு, உடற்கூறு, ஊர்ப்புறத்திலிருந்து வரும் வீரர்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கமாட்டார்கள் என்பன போன்றவற்றை, ஆண் பெண் பற்றிய பழகிப்போன எண்ணங்கள் என்று நீதிமன்றம் தள்ளியது. அடுத்த ஆண்டு நிதிஷா வழக்கில் அது இன்னும் நுட்பமான குறையைக் கண்டது. பெண்களுக்கு நிலையான பணி கிடைக்கப்போவதில்லை என்ற எண்ணத்தோடு மேலதிகாரிகள் பல்லாண்டுகளாக ஏனோதானோவென்று எழுதிவைத்த மதிப்பீட்டு அறிக்கைகளையே, அவர்கள் நிலையான பணிக்குத் தகுதியானவர்களா என்று முடிவுசெய்யவும் படை பயன்படுத்தியது. பார்வைக்குப் பொதுவான விதி, நடைமுறையில் ஒரு பாலை மட்டும் தண்டிக்கும் இந்நிலையை நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்றது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992இல் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தும் இத்தகைய வழக்குகள் தேவைப்பட்டன.

விரும்பிச் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் ஆற்றலுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார், கோலாலம்பூரின் ஜானகி தேவர் அடுத்த நிலையில் நின்றார். வரலாற்றின் ஒரு பொருத்தம் இங்குக் கருதத்தக்கது: லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதன், 23ஆம் பிரிவை இயற்றிய அரசமைப்பு அவையில் உறுப்பினராக இருந்தார். தோட்டக் கூலியாக ஒடுங்கிக் கிடந்த பெண்ணுக்குத் துப்பாக்கியும் சீருடையும் தந்த நிமிர்வு பெரிது. அந்த நிமிர்வின் வேர் அவள் தானே முன்வந்ததில் இருந்தது. பெண்ணின் ஆற்றலை நிறுவும் இச்சான்றைப் பெண்ணைக் கட்டாயப்படுத்துவதற்கான சான்றாக எடுத்தாளுவது, இத்துறையில் அடிக்கடி நேரும் தாவல்.

அத்தாவலின் விலை வன்னியில் தெரிந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் பெண்களுக்கான படைப்பயிற்சி 1980களின் நடுவில், தமிழ்நாட்டு மண்ணில் தொடங்கியது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்கள், படையினரின் அத்துமீறல்கள், இடப்பெயர்வு, வீட்டுக்குள் பெண்ணுக்கு இருந்த நெருக்கடி எனப் பல காரணங்கள் இளம்பெண்களை இயக்கத்தின் பக்கம் செலுத்தின. 1987 அக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்திய அமைதிப் படையுடனான மோதலில் இறந்த மாலதி, களத்தில் மாண்ட முதல் பெண் போராளியாகக் கொள்ளப்பட்டார். அவர் பெயரிலும் சோதியா பெயரிலும் பெண்களுக்கெனத் தனிப் படையணிகள் அமைந்தன. பெண்கள் அணிகளுக்குக் கட்டளையிட்டார்கள், கனரக ஆயுதங்களை இயக்கினார்கள், கடற்போரிலும் ஈடுபட்டார்கள். தாவணியும் சீதனமுமாக வரையப்பட்டிருந்த பெண்ணின் உருவம் யாழ்ப்பாணச் சமூகத்தில் இதனால் அசைந்தது என்பதை மறுக்க இயலாது. அந்த அசைவு விடுதலையா, அல்லது ஆண்கள் வகுத்த போரின் தேவைக்கு ஏற்பப் பெண்ணை வார்த்தெடுத்ததா என்ற விவாதம் அக்காலத்திலேயே எழுந்தது. ராதிகா குமாரசாமி போன்ற இலங்கைப் பெண்ணியச் சிந்தனையாளர்கள், உயிரைத் தருவதை இலட்சியமாக்கும் ஓர் அமைப்பு பெண்ணின் வாழ்வை விரிவாக்குகிறது என்று கூற முடியுமா என்று கேட்டார்கள்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் சிதைந்து, 2006க்குப் பின் முழுப் போர் திரும்பியபோது, விரும்பி வருவோரைக் கொண்டு களங்களை நிரப்ப முடியாத நிலையில் இயக்கம் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற விதியை இறுக்கியது. ஆணோ பெண்ணோ ஒரு பிள்ளை வர வேண்டும் என்பது விதி. அந்த அளவில் அது பால்வேறுபாடு அற்றது. ஆனால் விதி எட்டிய இடம் தனிமனிதர் அன்று, குடும்பம். எந்தப் பிள்ளையைத் தருவது என்ற தீர்ப்பைப் பெற்றோரே எழுத வேண்டியிருந்தது. தர மறுத்த வீடுகளில் ஆட்கள் வந்து பிடித்துச் சென்றார்கள். காட்டுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகளை மறைத்துவைக்கும் நிலை வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்துவந்தது. 2008இன் இறுதியில் ஒருவர் என்ற வரம்பும் மீறப்பட்டு, சில வீடுகளிலிருந்து இரண்டாம் பிள்ளையும் கோரப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் எழுதின. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கைப் படையின் எறிகணை வீச்சுகளைப் பற்றிய கடுமையான முடிவுகளோடு, இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்பையும், தப்பியோடிய மக்கள்மீது அது சுட்டதையும் குறிப்பிட்டது. இயக்கத்தின் மகளிர் அரசியல் துறைக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்ற தன்வரலாறும் அக்காலத்து ஆட்சேர்ப்பின் வலியைத் தொட்டுச் செல்கிறது.

இந்த விதியிலிருந்து தப்புவதற்குக் குடும்பங்கள் கண்ட வழி திருமணம். மணமானவர்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்று அறிந்த பெற்றோர், பள்ளி வயதைக் கடக்காத மகள்களுக்கும் அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடினார்கள்; பதிவும் சடங்கும் இல்லாமல் நடந்த அத்திருமணங்களில் பல, போர் முடிந்ததும் சான்றிதழ் இல்லாத உறவுகளாகவும், பிள்ளையோடு கைவிடப்பட்ட இளந்தாய்களாகவும் மிஞ்சின. பெண்ணைச் சமமாக அழைத்த விதி, பெண்ணை வயதுக்கு முன்னரே மனைவியாக்கிற்று. அதே விதியால் ஆண்பிள்ளையும் மணம் முடித்துத் தப்பினான் என்பது உண்மையே. ஆனால் பதினாறு வயதில் நடக்கும் திருமணம் ஆணின் வாழ்வில் செய்யும் சேதமும் பெண்ணின் வாழ்வில் செய்யும் சேதமும் ஒன்றல்ல. கருவுறுதலும், படிப்பின் முறிவும், கணவன் வீட்டின் அதிகாரமும் அவள்மீதே விழுந்தன.

போர் 2009 மே மாதம் முடிந்த பிறகு, சரணடைந்த அல்லது பிடிபட்டவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் 2,000க்கு மேற்பட்டவர்கள். வெளியே வந்தபின் முன்னாள் போராளி என்ற அடையாளம் ஆணையும் தொடர்ந்தது, பெண்ணையோ இருமடங்காகத் தொடர்ந்தது. படையினரின் கண்காணிப்பும் விசாரணையும் ஒருபுறம். தடுப்பில் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊர் பேசிய பேச்சு மறுபுறம். விரும்பிச் சேர்ந்தவளுக்கும் ஒரு வாரப் பயிற்சியோடு முன்னரங்கிற்குத் தள்ளப்பட்டவளுக்கும் இடையே ஊரார் வேறுபாடு பார்க்கவில்லை. உடலில் தங்கிய குண்டுச் சிதறல்களுக்கு மருத்துவமோ, இழந்த கைகால்களுக்கு ஓய்வூதியமோ கேட்பதற்கு அவளிடம் எந்தப் பணிப்பதிவும் இல்லை. களத்தில் அவள் பெற்ற சமத்துவம், களம் கலைந்ததும் அவளைப் பின்தொடர்ந்து ஊருக்கு வரவில்லை.

வன்னியை முன்வைப்பதற்கு எதிராக ஒரு நியாயமான தடை எழுப்பப்படலாம்: அது முற்றுகையில் சிக்கிய ஆயுத இயக்கம் ஒன்றின் செயல், தேர்தலும் நீதிமன்றமும் உடைய ஓர் அரசின் சட்டத்தை அதைக்கொண்டு எடைபோடலாகாது. தடையில் பாதி உண்மை. ஆனால் திருமணத்தைத் தப்பும் வழியாக்கும் பொறிமுறை இயக்கத்தின் கண்டுபிடிப்பு அன்று. அரசுகளின் சட்டங்களிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. 1941 டிசம்பரில் பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைத்த பிரிட்டன், 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத விதவைகளையும் மட்டுமே அழைத்தது. இஸ்ரேலில் 1949ஆம் ஆண்டின் சட்டம் பெண்களை அழைத்தபோதே, மணமானவர்களுக்கும் தாய்மார்களுக்கும் சமய நெறியைக் காரணம் காட்டுவோருக்கும் விலக்களித்தது. எரித்திரியாவில் இருபாலாரும் 18 மாதங்கள் தேசப் பணியாற்ற வேண்டும் என்று 1995இல் இயற்றப்பட்ட விதி, 1998ஆம் ஆண்டின் போருக்குப் பின் முடிவற்ற கட்டாயமாக நீண்டது. பள்ளியின் இறுதி ஆண்டைச் சாவா படைமுகாமில் கழிக்க வேண்டும் என்றானதும், அங்கே நிகழ்ந்த பாலியல் வன்முறைக்கு அஞ்சி, மணமான பெண்ணையும் தாயையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, எரித்திரியப் பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டு மணம் முடித்தார்கள். வன்னிக்கும் எரித்திரியாவுக்கும் மொழியிலோ சமயத்திலோ ஒற்றுமை இல்லை; விதியின் வடிவம் ஒன்றாக இருந்ததால் விளைவும் ஒன்றாக இருந்தது.

இஸ்ரேலின் வரலாறு மற்றொரு கோணத்திலும் பயன்படுகிறது. சட்டம் பெண்களை அழைத்துவந்த போதிலும், விமானியாகும் பயிற்சி பல பத்தாண்டுகள் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆலிஸ் மில்லர் தொடுத்த வழக்கில் 1995இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே அக்கதவு திறந்தது. கட்டாயப் பணி தானாகவே சமநிலையைக் கொண்டுவரும் என்றால் அந்த வழக்கிற்கே இடம் இருந்திருக்காது.

இவற்றுக்கு மாறாக நார்வே காட்டப்படுவது வழக்கம். அங்கே மணமானவர் மணமாகாதவர் என்ற பிரிவு இல்லை, இருபாலாரும் ஒரே வினாப் படிவத்தை நிரப்புகிறார்கள், ஒரே சோதனைகளுக்கு உள்ளாகிறார்கள். ஆண்டுதோறும் உரிய வயதை எட்டும் ஏறத்தாழ 60,000 பேரில் படைக்குத் தேவைப்படுவோர் ஒரு சிறு பங்கினரே என்பதால், உடல்தகுதியோடு விருப்பமும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே நார்வேயின் முறை பெயரளவில் கட்டாயமும் செயலளவில் பெரிதும் விருப்பத் தேர்வும் ஆகும். அம்முறை வெற்றி பெற்றதற்கு அதன் கட்டாயத்தைக் காட்டிலும், குழந்தைக் காப்பகம், தந்தைக்கும் உரிய மகப்பேற்று விடுப்பு, சமமான கல்வி என்று அச்சமூகம் முன்கூட்டியே கட்டிவைத்தவை மிகுந்த காரணம். இந்தியாவின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு அளவாய்வின்படி, கூலியற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். பெண் ஏற்கெனவே கட்டாயப் பணியொன்றில் இருக்கிறாள் என்று இதைக்கொண்டு சிலர் வாதிடுவார்கள். வாதத்தின் பாதி சரி, மறுபாதி ஆபத்தானது. அடுப்படியைத் தேசப் பணியாக ஏற்றுக்கொண்டால், அவள் அடுப்படியிலேயே நிற்பதற்கு அது புதிய நியாயமாகிவிடும். அந்த அளவாய்விலிருந்து எடுக்கத்தக்க முடிவு வேறு: பராமரிப்புச் சுமை பகிரப்படாத நாட்டில் படைச்சுமையை மட்டும் பகிர்வது, இரு சுமைகளையும் ஒருத்தியின் தோளில் ஏற்றுவதாக முடியும்.

படைக்குள் நிகழும் பாலியல் குற்றம் இங்குத் தனியே கருதத்தக்கது. விரும்பிச் சேர்ந்தவள் சூழல் பொறுக்கவில்லை என்றால் வெளியேற முயலலாம். சட்டத்தால் அழைக்கப்பட்டவள் வெளியேறினால் ஓடிப்போன குற்றவாளி. அவளைத் துன்புறுத்தியவனும், அவள் முறையிட வேண்டியவனும், அவளுக்கு விடுப்பு வழங்குபவனும் ஒரே கட்டளைத் தொடரில் இருந்தால் முறையீடு என்பது வெறும் சொல். அமெரிக்கா தன் படையில் இக்குறையைப் பல பத்தாண்டுகள் விவாதித்து, 2021 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் வழியே பாலியல் குற்ற வழக்குகளைத் தொடுக்கும் முடிவைக் கட்டளை அதிகாரிகளிடமிருந்து எடுத்துத் தனி வழக்குரைஞர்களிடம் ஒப்படைத்தது. விரும்பிச் சேர்வோரை மட்டுமே கொண்ட படையிலேயே இது தேவைப்பட்டது என்றால், கட்டாயப்படுத்திச் சேர்க்கும் அரசு இதைச் செய்யாமல் ஒரு பெண்ணையும் அழைக்கும் தகுதி பெறாது. இது பெண்ணுக்கு மட்டும் உரிய காப்பும் அன்று. படைமுகாம்களில் ஆண்களும் இவ்வன்முறைக்கு ஆளாகிறார்கள்.

இவ்வனைத்தையும் சேர்த்து நோக்கும்போது, கட்டாயப் படைச்சேர்ப்பு ஒரு நாட்டில் இருக்குமானால் பெண் என்பதற்காகவே ஒருவரை விலக்குவது நியாயமாகாது என்ற முடிவும், சமத்துவத்தின் பெயரால் கட்டாயத்தைப் புதிதாகக் கொண்டுவருவது அதைவிடப் பெரிய அநியாயம் என்ற முடிவும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் நிற்கின்றன. முன்னது சுமையைப் பகிர்வது பற்றியது. பின்னது, அச்சுமையை ஏற்றும் கை எத்தகையது என்பது பற்றியது. 23ஆம் பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு இந்திய நாடாளுமன்றம் என்றேனும் ஒரு சட்டம் இயற்ற முற்பட்டால், அதில் திருமணம் விலக்கிற்குரிய காரணமாக எந்த வடிவத்திலும் இடம்பெறலாகாது. குழந்தையையோ நோயுற்ற முதியவரையோ பராமரிப்பவருக்கு விலக்கு வேண்டுமென்றால், தாய்க்கும் தந்தைக்கும், மகளுக்கும் மகனுக்கும் அது ஒன்றாகவே கிடைக்க வேண்டும். ஆயுதம் ஏந்துவதை மனச்சான்று மறுப்பவர்களுக்கு மருத்துவமனையிலோ பேரிடர் மீட்பிலோ அதே கால அளவுள்ள மாற்றுப்பணி வேண்டும். பிரிட்டன் 1941இலேயே, எழுத்துவழி இசைவு தராத பெண்ணின் கையில் கொலைக்கருவியைத் தரலாகாது என்று சட்டத்தில் எழுதியது, அந்தக் காப்பு இன்று இருபாலார்க்கும் உரியது. பணியாற்றிய ஒவ்வொருவர்க்கும் பதிவேடும், காயத்திற்கு மருத்துவமும், ஊனத்திற்கு ஓய்வூதியமும் சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

இவை நிகழுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுதும் உரிமை 2021இல் நீதிமன்ற ஆணையால் பெண்களுக்குக் கிடைத்தது. அவர்களின் முதல் அணியைச் சேர்ந்த 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். தரைப்படையில் சிப்பாய் நிலையிலோ, படைக் காவல் பிரிவு நீங்கலாகப் பெண்களுக்கு இடமில்லை. காலாட்படையும் கவசப்படையும் அதிகாரி நிலையிலும் மூடியே உள்ளன. இதுவரை திறந்த கதவுகளில் பல, தனிப் பெண்கள் பணத்தையும் காலத்தையும் செலவிட்டு வழக்காடியதால் திறந்தவை. தகுதியின்மையைப் பொது விதியாக வைத்திருக்கும் தரைப்படைச் சட்டத்தின் 12ஆம் பிரிவை நீக்கி, விரும்பி வரும் பெண்ணுக்கு வேலைக்குரிய ஒரே அளவுகோலோடு எல்லாப் பிரிவுகளையும் திறந்துவிட நாடாளுமன்றத்திற்கு ஒரு திருத்தச் சட்டம் போதும். அதற்கு எந்தப் போரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.